'முன்போல் இல்லை' என்ற குறை



துணியோடும் ஊசியோடும் நாள்தோறும் புழங்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கண்காட்சிக்குப் போய் நின்று நிதானமாகப் பார்க்கிற ரசிகர்களும் இருக்கிறீர்கள். இந்த இரு தரப்புக்கும் நடுவே அடிக்கடி எழுகிற ஒரு மனத்தாங்கலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். ஒரு கலைஞர் பல வருடம் பாடுபட்டு ஒரு பாணியைக் கண்டடைகிறார். நமக்கு அது பிடித்துப்போகிறது. தூரத்தில் பார்த்ததுமே 'இது அவர் கை' என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிடுகிறோம். அந்த நேரத்தில் அவர் அதை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்புகிறார். நம் வாயிலிருந்து உடனே வருவது இதுதான்: "முன்போல் இல்லை."

இந்தக் குறைக்குக் கலைஞர் எவ்வளவு காது கொடுக்க வேண்டும்? இதைப் பார்க்க அமெரிக்கக் குவில்ட் கலையிலிருந்து இரண்டு பெண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் நான்சி க்ரோ. மற்றவர் கேரில் பிரையர் ஃபாலர்ட். இருவரும் தங்கள் பாணியை மாற்றியவர்கள். இருவரும் வேலை செய்தது, மாற்றத்தைச் சுலபத்தில் ஏற்காத ஒரு துறையில்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, ஊடுருவி ஓட்டுத்தையல் போட்டால் குவில்ட். ஆக, இதில் இரண்டு வேலை இருக்கிறது. துண்டுகளைச் சேர்த்து முகத்துணியை உருவாக்குவது ஒன்று. அடுக்குகளைத் தைத்துப் பிணைப்பது இன்னொன்று. கையால் பிணைக்கிறவர்கள் ஓர் அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் விழுந்தால் அதை உயர்ந்த வேலை என்பார்கள். கட்டில் அளவு குவில்ட் ஒன்றை இப்படி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பாட்டி தைத்ததைப் பேத்தி போர்த்திக்கொள்வாள். நட்சத்திரம், மோதிரம், மரக்குடில் என்று வடிவங்களுக்குப் பெயர் உண்டு. அந்த வடிவங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. இப்படி வந்த ஒன்றை மாற்றும்போது ரசிகருக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்தவை அவை. கட்டிலில் கிடந்ததைச் சுவரில் நிமிர்த்தியதும் மக்களின் பார்வை மாறியது. வண்ணமும் வடிவமும் கண்ணில் பட்டன. 1976இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு வந்தபோது பழைய கைவேலைகள் மீது நாடெங்கும் புது ஆசை பிறந்தது. கலைக்கல்லூரியில் படித்த பெண்கள் பலர் இந்தக் காலத்தில் குவில்ட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் நான்சி க்ரோ.

க்ரோ 1943இல் ஓஹையோ மாநிலத்தில் லௌடன்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண்பாண்டக் கலையும் நெசவும் படித்தவர். 1970களில் குவில்ட்டுக்குத் திரும்பினார். ஆனால் அவரைப் போன்றவர்கள் செய்த குவில்ட்டுகளுக்கு வழக்கமான குவில்ட் கண்காட்சிகளில் இடம் இல்லை. பழைய வடிவம் இல்லையென்றால் அது குவில்ட்டே இல்லை என்பது அன்றைய கருத்து. ஓவியக் காட்சிக்கூடங்களுக்குப் போனால் அங்கே வேறு பதில்: இது கைவேலை, கலை ஆகாது. இரண்டு வாசலும் மூடியிருந்தால் மூன்றாவது வாசலைக் கட்டத்தானே வேண்டும்? 1979இல் ஓஹையோவின் ஏதென்ஸ் நகரத்தில், இடிக்கப்பட இருந்து காப்பாற்றப்பட்ட ஒரு பழைய மாட்டுப்பண்ணைக் கட்டடத்தில், க்ரோவும் சக கலைஞர்களும் 'குவில்ட் நேஷனல்' என்ற கண்காட்சியைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தக் கண்காட்சி, புதுமுயற்சிக் குவில்ட்டுகளுக்கு உலக அளவில் பெரிய மேடையாக வளர்ந்தது.

1980களில் க்ரோவின் பெயர் பரவியது. அந்தக் காலத்துக் குவில்ட் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பல நிறத் துணிகளை மெல்லிய பட்டைகளாக வெட்டி வரிசையாகத் தைப்பார். அப்படிக் கிடைத்த கோடுபோட்ட துணியின் மேல் அட்டை மாதிரியை வைத்து முக்கோணம், சாய்சதுரம் என்று வெட்டுவார். அவற்றை மறுபடி இணைப்பார். இடதுபக்கம் இருப்பது வலதுபக்கம் இம்மி பிசகாமல் திரும்ப வரும். மையத்திலிருந்து வெளியே விரிகிற ஒழுங்கு, கண்ணைப் பறிக்கும் நிறம், மில்லிமீட்டர் தவறாத முனைகள். சுருட்டுப்பெட்டிப் பலகையைச் செதுக்கி அடுக்கும் நாட்டுப்புறக் கலையிலிருந்து ஊக்கம் பெற்று ஒரு வரிசை செய்தார். மெக்சிகோவின் நிறங்களிலிருந்து இன்னொரு வரிசை. பார்த்தவர்கள் மயங்கினார்கள். மாணவிகள் கூட்டம் கூட்டமாக வந்து கற்றுக்கொண்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் அவர் அந்த அட்டை மாதிரியைக் கீழே வைத்தார். ஸ்கேலையும் வைத்துவிட்டார். வட்டக் கத்தியைக் கையில் எடுத்து, கண்ணை மட்டும் நம்பி வெட்டத் தொடங்கினார். 1992இல் அவருடைய புத்தகம் ஒன்று வந்தது. மாறிக்கொண்டிருக்கும் வேலை என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். முடிந்ததைக் காட்டிப் பெருமைப்படும் வயதில், என் வேலை இன்னும் முடியவில்லை என்று அட்டையிலேயே அச்சடித்துச் சொன்னார்.

இந்த மாற்றத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடைத்துணியில் இருக்கும் பூவும் புள்ளியும் அவருடைய குவில்ட்டில் குறைந்துபோயின. வெள்ளைப் பருத்தியை வாங்கித் தானே சாயம் ஏற்றினார். ஒரே சிவப்பில் இருபது சாயல் வேண்டுமென்றால் இருபது வாளி. அந்தத் துணியை மேசையில் விரித்து, கோடு கிழிக்காமல் கத்தியை ஓட்டுவார். கை சற்றே வளைந்தால் கோடும் வளையும். அந்த வளைவைத் திருத்தமாட்டார். அடுத்த துண்டை அந்த வளைவுக்கு ஏற்ப வெட்டுவார். தைத்த பகுதியைச் சுவரில் குண்டூசியால் குத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்ப்பார். சரியில்லையென்றால் எடுத்துவிட்டு வேறொன்றைக் குத்துவார். காகிதத்தில் முன்கூட்டியே வரைந்த திட்டம் கிடையாது. குவில்ட் எப்படி இருக்கப்போகிறது என்பது சுவரில்தான் முடிவாகும்.

முந்தைய குவில்ட்டுகளில் மனதைப் பறிகொடுத்த ஒருவர் இதன் முன் வந்து நின்றால் என்ன தோன்றும்? கோடுகள் கோணலாக இருக்கின்றன. இடமும் வலமும் ஒத்துப்போகவில்லை. முனைகள் சேரவில்லை. இவருக்கு வேலை மறந்துபோய்விட்டதா என்று தோன்றலாம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். நேர்கோட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளை இணைப்பது எளிது. கண்ணால் வெட்டிய வளைவுகளை, துணி சுருங்காமல், மேடு தட்டாமல், சுவரில் தட்டையாகத் தொங்கும்படி இணைப்பது அதைவிடக் கடினம். தைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கோணல் என்று தோன்றியதற்குள் முன்பைவிடக் கூடுதலான தேர்ச்சி இருந்தது. அதைக் காணப் பழைய அளவுகோல் போதவில்லை. 1995இல் வாஷிங்டனின் ரென்விக் காட்சிக்கூடம் இந்தப் புதிய குவில்ட்டுகளைத் தனிக்காட்சியாக வைத்தது.

ஏன் மாறினார் என்ற கேள்விக்கு ஒரு பதில் அவர் கண்ட காட்சிகளில் இருக்கிறது. 1990இல் சீனாவின் சியான் நகரத்தில், கயிற்றால் கட்டப்பட்ட இளைஞர்களை மரண தண்டனைக்காக லாரியில் ஏற்றிப் போவதை அவர் பார்த்தார். அதிலிருந்து 'சீன ஆன்மாக்கள்' என்ற வரிசை பிறந்தது. வட்டங்கள், அழுத்தமான நிறங்கள். அழகான மெக்சிகச் சக்கரத்தைப் போன்ற சமச்சீர் வடிவத்துக்குள் அந்த இளைஞர்களின் முகத்தை எப்படி அடைப்பது? சொல்ல வேண்டியது மாறும்போது சொல்லும் முறையும் மாறியாக வேண்டும். பழைய முறையிலேயே சொல் என்று ரசிகர் கேட்டால், பழையதையே சொல் என்று கேட்பதாகத்தான் அர்த்தம்.

அடுத்து ஃபாலர்ட். இவருடைய கதையில் எதிர்ப்பு வெளிப்படையாகவே வெடித்தது. விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர் இவர். கென்டக்கி மாநிலத்தில் பாடூக்கா என்ற ஊர் இருக்கிறது. அங்கே அமெரிக்கக் குவில்ட்டர்கள் சங்கம் 1985 முதல் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துகிறது. அதன் முதல் பரிசு இந்தத் துறையின் பெரிய கௌரவங்களில் ஒன்று. 1989இல் அந்தப் பரிசு ஃபாலர்ட்டின் சூரிய கிரகணக் குவில்ட்டுக்குக் கிடைத்தது. 'கொரோனா 2' என்பது அதன் பெயர். தானே சாயம் ஏற்றிய துணிகளில், வளைந்து சுழலும் பட்டைகளாக, கறுத்த சூரியனைச் சுற்றி ஒளி பீறிடுவதுபோல் இணைத்திருந்தார். அடுக்குகளைப் பிணைத்த தையல் முழுவதும் இயந்திரத் தையல். இயந்திரத்தால் பிணைத்த குவில்ட் அந்த முதல் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை.

பெரும் சர்ச்சை எழுந்தது. கையால் தைக்காதது குவில்ட் ஆகுமா என்று கேட்டார்கள். மாதக்கணக்கில் விரல் தேயத் தைத்த பெண்களின் உழைப்புக்கு என்ன மரியாதை என்று கேட்டார்கள். இப்படிக் கேட்டவர்கள் யாரோ எவரோ இல்லை. குவில்ட்டை உயிராக நேசித்தவர்கள்.

அவர்கள் கேள்வியை மதித்து இரண்டு பதில் சொல்ல வேண்டும். முதலாவது, இயந்திரத் தையல் என்றால் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது என்று நினைக்கக்கூடாது. நம் ஊர்த் தையல் கடையில் எம்ப்ராய்டரி போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்தின் பல்லை இறக்கிவிடுவார். துணியை நகர்த்தும் வேலை இனி அவருடைய கையில். ஊசி ஒரே வேகத்தில் இறங்கி ஏறும். கை சற்றுத் தாமதித்தால் தையல் நெருங்கிக் கட்டியாகிவிடும். சற்று விரைந்தால் அகன்று பல்லிளிக்கும். குவில்ட்காரரும் இப்படித்தான் பல்லை இறக்கிவிட்டுத் தைக்கிறார். ஆனால் அவர் நகர்த்துவது ரவிக்கைத் துணியை அல்ல. பஞ்சு வைத்த முழுக் கட்டில் விரிப்பைச் சுருட்டி, இயந்திரத்தின் கழுத்துக்குள் நுழைத்து, தோளில் தாங்கிக்கொண்டு நகர்த்துகிறார். அந்தப் பளுவோடு ஒரே சீரான வளைவு வர வேண்டும். இதற்குப் பல வருடப் பழக்கம் தேவை.

இரண்டாவது பதில் வரலாற்றில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தையல் இயந்திரம் வீட்டுக்கு வந்தபோதே, அதைக்கொண்டு குவில்ட்டைப் பிணைத்துப் பெருமையாக விரித்துக் காட்டிய பெண்கள் இருந்தார்கள். விலை உயர்ந்த இயந்திரம் தன் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியட்டும் என்பது அவர்கள் ஆசை. ஆகவே, பாட்டி காலத்து வழி என்று நாம் எல்லை கட்டியதை அந்தப் பாட்டிகளே அன்று தாண்டியிருக்கிறார்கள். ரசிகர் காப்பாற்ற நினைக்கும் மரபு, பல நேரம் அவர் முதலில் பார்த்து நேசித்த வடிவம் மட்டும்தான். மரபு அதைவிட நீளமானது, அதைவிடத் துணிச்சலானது.

ஃபாலர்ட் அதோடு நிற்கவில்லை. துணியில் நேரடியாக ஓவியம் தீட்டினார். பிறகு கணினியில் வரைந்து துணியில் அச்சிட்டார். பாடூக்காவின் அந்த முதல் பரிசை மொத்தம் மூன்று முறை வென்றார். 1991இல் அதே ஊரில் குவில்ட் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சர்ச்சைக்கு உள்ளான 'கொரோனா 2' இன்று அதன் சேகரிப்பில் பெருமைக்குரிய இடத்தில் இருக்கிறது. இன்று அமெரிக்கக் கண்காட்சிகளில் பரிசுக்கு வரும் குவில்ட்டுகளில் பெரும்பாலானவை இயந்திரத்தால் பிணைத்தவை. கைத்தையலும் அழியவில்லை. தனிப் பிரிவாக, தனி மதிப்போடு வாழ்கிறது. புதியது வந்தால் பழையது செத்துவிடும் என்ற பயம் இங்கே பொய்த்தது.

இந்த இரண்டு வாழ்க்கையையும் வைத்துக்கொண்டு, ரசிகர்கள் சொல்லும் குறையை நான் மூன்றாகப் பிரிக்கிறேன்.

முதல் வகை, வேலையைப் பற்றிய குறை. தையல் சீராக இல்லை, துணி மேடு தட்டியிருக்கிறது, சாயம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டது, பின்பக்கம் நூல் சிக்கியிருக்கிறது. இதைக் கலைஞர் கட்டாயம் கேட்க வேண்டும். புதுமை என்ற பெயரில் அரைகுறை வேலைக்கு மன்னிப்புக் கிடையாது. இயந்திரத் தையலை ஏற்காதவர்கள் ஒவ்வொரு தையலையும் உற்றுப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குத் தேர்ச்சி வளர்ந்த பிறகுதான் இயந்திரத் தையல் நிலைத்தது. கறாரான ரசிகர் ஒருவர், பாராட்டும் பத்துப் பேரைவிட உதவி செய்கிறார்.

இரண்டாம் வகை, நேர்மையைப் பற்றிய குறை. இதையும் கேட்க வேண்டும். க்ரோ ஸ்கேலைக் கீழே வைத்ததில் ஒருவருடைய பங்கு பெரிது. லூயிசியானா மாநிலம் பேட்டன் ரூஜ் நகரத்தில் வாழ்ந்த ஆன்னா வில்லியம்ஸ் அவர். 1927இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி. வீட்டு வேலை செய்து பிழைத்தவர். சிறுவயதிலேயே துண்டுத் துணிகளைத் தைத்துப் பழகியவர். அளவு பார்க்காமல், கைக்கு வந்தபடி வெட்டி, துள்ளுகிற கோடுகளால் அவர் குவில்ட் செய்தார். அவற்றைப் பார்த்த க்ரோ தன் வழியை மாற்றிக்கொண்டார். அவரிடமிருந்து பெற்ற ஊக்கத்தை வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாக இப்படித் தைத்து வந்திருக்கிறார்கள். கல்லூரியும் காட்சிக்கூடமும் வாய்க்காத பெண்களின் வழியில் போய், அவை வாய்த்த ஒருவர் புகழ் பெறும்போது, பெயரும் பலனும் யாருக்குப் போய்ச் சேருகின்றன என்று கேட்பது நியாயம். கடன் பட்டவர் கடனைச் சொல்ல வேண்டும், ஒருமுறை சொன்னதோடு விடாமல் ஒவ்வொரு மேடையிலும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. க்ரோவின் குவில்ட்டுகளில் அடுக்குகளைக் கையால் பிணைத்தவர்கள் வேறு பெண்கள். அவர்கள் பெயரும் குவில்ட்டோடு சேர்த்துக் குறிப்பிடப்படுவதுண்டு. நம் ஊரில் எத்தனை பட்டறைகளில் தைத்தவர் பெயர் வெளியே வருகிறது? புதிய பாணிக்குப் போகிற கலைஞரிடம், இது யாரிடமிருந்து வந்தது, யார் கை இதில் பட்டது என்று ரசிகர் கேட்கட்டும்.

மூன்றாம் வகைதான் நான் தொடக்கத்தில் சொன்னது. முன்போல் இல்லை. இந்தக் குறையில் வேலையைப் பற்றியும் எதுவும் இல்லை, நேர்மையைப் பற்றியும் எதுவும் இல்லை. ரசிகரின் பழக்கம் மட்டும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் அன்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு குறைக்குக் கலைஞர் வளைந்துகொடுக்கக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். வளைந்துகொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். க்ரோ அட்டை மாதிரியை விடாமல் இருந்திருந்தால், முப்பது வருடமாக அதே சமச்சீர் சக்கரத்தை நிறம் மாற்றி நிறம் மாற்றித் தைத்திருப்பார். விற்றிருக்கும். முதல் பத்து வருடம் ரசிகர்கள் கொண்டாடியிருப்பார்கள். அதற்குள் அவருடைய மாணவிகளே அதைவிடச் சுத்தமாகத் தைக்கக் கற்றிருப்பார்கள். ஒருநாள் அதே ரசிகர்களே, "இவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைத் தேடிப் போயிருப்பார்கள். அப்போது வேறு பாணிக்குத் திரும்பலாம் என்றால் கை மரத்துப்போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாம் நேசித்த அந்தப் பழைய பாணியே ஒரு காலத்தில் 'முன்போல் இல்லாதது'தான். க்ரோவின் சமச்சீர் குவில்ட்டுகளுக்கே வழக்கமான கண்காட்சிகளில் இடம் கிடைக்காமல்தான் குவில்ட் நேஷனல் பிறந்தது. அன்று அவர் ஊர் சொன்னதைக் கேட்டிருந்தால், பிறகு நாம் விட்டுவிடாதே என்று கெஞ்சுகிற பாணி பிறந்தே இருக்காது. நமக்குப் பிடித்ததை அவருக்குக் கொடுத்தது எந்தப் பிடிவாதமோ, அதே பிடிவாதம்தான் அதிலிருந்து அவரை வெளியேயும் கொண்டுபோகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியாது.

இங்கே உள்ள கலைஞர்களின் மனதில் ஒரு கேள்வி ஓடும் என்று தெரியும். இவையெல்லாம் அமெரிக்காவில் சரி, வாங்குகிறவர் கேட்பதைச் செய்யாவிட்டால் நம் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? நியாயமான கேள்வி. பழையதை ஒரே நாளில் தூக்கியெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. க்ரோவும் ஒரே நாளில் மாறவில்லை. ஒழுங்கான வடிவங்களுக்கும் கையால் வெட்டிய கோடுகளுக்கும் நடுவே சில வருடங்கள் இரண்டும் கலந்த குவில்ட்டுகள் வந்தன. வகுப்பு எடுத்தார், புத்தகம் எழுதினார், பயிலரங்கு நடத்தினார். சோற்றுக்கு ஒரு வழி வைத்துக்கொண்டு, தேடலுக்கு ஒரு வழி வைத்துக்கொண்டார். வாரத்தில் ஒரு நாளாவது, வாரத்தில் ஒரு துணியாவது, யாரும் கேட்காததைச் செய்து பாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. கை உயிரோடு இருக்க அது போதும்.

2019இல் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. இங்கும் குவில்ட் செய்கிறவர்கள் பெருகுகிறார்கள், ரசிகர்கள் பெருகுகிறார்கள். ஆகவே இந்த மனத்தாங்கல் நமக்கும் வரும். வரும்போது என்ன செய்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கலைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். குறை வந்தால் கோபப்படாமல் பிரித்துப் பாருங்கள். வேலையில் குறை என்றால் அவிழ்த்துத் தையுங்கள். நேர்மையில் குறை என்றால் பெயரைச் சொல்லிக் கடனை ஒப்புக்கொள்ளுங்கள். முன்போல் இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால், நன்றி சொல்லிவிட்டு உங்கள் வேலையைத் தொடருங்கள்.

ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த கலைஞரின் புதிய வேலை பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் அதன் எதிரே ஐந்து நிமிடம் நில்லுங்கள். தையலைப் பாருங்கள். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதன் பிறகும் பிடிக்காவிட்டால், எது பிடிக்கவில்லை என்று அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். பழையதைத் திரும்பச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பழையது எங்கும் போகவில்லை. போய் மறுபடி பார்க்கலாம். அடுத்ததை அவர் செய்தால்தான் பார்க்க முடியும்.